டம்ளரின் மேல் ஆடை

செவ்வாய், பகல் ஒரு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

கொழுந்தனுக்கு இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. இன்று காலை பத்தரைக்கு மருத்துவர் படத்தைக் காட்டிச் சொன்னார். வியாழன் ஸ்டென்ட் வைக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டு போன் என் வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது உனக்குத் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் இவருக்குக் கொழுப்பு ஏறியபோது, கொழுப்பு குறைந்த பாலுக்கு மாறச் சொன்னார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, பாத்திரம் கழுவின தண்ணிய ஊத்துறியே, நான் என்ன பூச்செடியா என்று கேட்டார். மறுநாள் இவருக்குத் தெரியாமல் நானே மாற்றிவிட்டேன். அவருக்குக் கொழுப்பு குறைந்த பால், எனக்கு முழுப்பால். என் பாலில் படியும் ஆடையில் கொஞ்சம் ஸ்பூனால் எடுத்து அவர் டம்ளரின் மேல் மிதக்க விடுவேன். பாலுன்னா இது என்பார். காலிப் பாக்கெட்டை அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டு வருவேன்.

மாத்திரையும் நடையும் சேர்ந்து இரத்தப் பரிசோதனை வருஷா வருஷம் நன்றாக வந்தது. அந்தத் தாளைத் தம்பியிடம் காட்டி, டாக்டர் பேச்சைக் கேட்டு வெறும் தண்ணிய குடிக்கிறியே, என்னைப் பாருடா, முழுப்பால் என்பார். ஆறு வருஷமாகத் தம்பியும் முழுப்பால்தான், தினம் ஒரு லிட்டர். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாலால்தானா என்று மருத்துவரிடம் கேட்டேன். பாலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, சிகரெட்டும் பரம்பரையும் உண்டு, முழுப்பால் பற்றி ஆராய்ச்சிகளே ஒத்துப்போகவில்லை என்றார். ஆனாலும் கொழுந்தனுக்கு இனிக் கொழுப்பு குறைந்த பாலே கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஓரகத்தி இவரிடம், எந்தப் பால் கொடுக்கட்டும் மாமா என்று கேட்டாள். டாக்டருக்கு ஆயிரம் நோயாளி, எனக்கு ஒரே தம்பி, நான் குடிக்கிறதையே கொடும்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவளையும் என்னைப்போலவே செய்யச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் பாக்கெட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்த மனிதர் இவர். எடையில் ஐம்பது கிராம் குறைத்த சிநேகிதர் கடைக்குச் சீல் வைத்தார். அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. நான் குறைத்ததற்கு என்ன கணக்கு? சொன்னால் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். சொல்லாவிட்டால் ஓரகத்தி முழுப்பால் காய்ச்சுவாள்.

இன்னொன்று. இத்தனை வருஷம் முழுப்பால் குடித்தவள் நான். என் இரத்தத்தை யாரும் பார்த்ததில்லை. இன்று கீழ்த்தளத்தில் கொடுத்திருக்கிறேன். இவருக்குத் தெரியாது.

என் ரிப்போர்ட் வியாழன் மாலை ஐந்துக்கு. கொழுந்தன் வீடு திரும்புவது சனி காலை. நடுவில் இருக்கும் வெள்ளிக்கிழமை இவரிடம் சொல்லியாக வேண்டும். கடிதம் வியாழன் கிடைத்துவிடும். வெள்ளி முதல் பஸ்ஸில் வா. கொழுந்தனைப் பார்க்க வந்தேன் என்று சொல். நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் வீட்டு மாடி அறை இப்போதும் காலியாகத்தானே இருக்கிறது? சும்மாதான் கேட்டேன்.

நீ நன்றாக இரு.

உன் தங்கை