நாலு நிமிஷப் படமும் நர்ஸ் அண்ணியும்

என் பிரியத்துக்குரிய அண்ணி,

பம்பாயிலிருந்து படம் வந்துவிட்டது. "கழுவி அனுப்பிட்டாங்களா தம்பி?" என்று நீங்கள் தினம் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதே சுருள். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது உங்களை அடக்கம் செய்து இருபது நாள் ஆகியிருந்தது. வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் திறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம்தான் போட்டுப் பார்த்தோம். அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை எங்கள் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகையிலும் சேர்க்கப் போகிறேன். உங்களை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது தம் சினிமா காமிராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். டிராயிங் வாத்தியார்தானே, படம் எடுப்பதும் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. சாவி முறுக்கி ஓடவிடுகிற காமிரா, பேசாத படம். கூட இரண்டு சுருள். ஒன்று நாலு நிமிஷம் ஓடும். யுத்தம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேறு சுருள் எங்கே தேடினாலும் கிடைக்காது.

நான் எழுதிய கதை சின்னது. திருவாலங்காட்டுக்காரன் ஒருவன் ஆடு விற்கத் திருத்தணிச் சந்தைக்கு வருகிறான். ஆட்டைக் காணோம். சந்தை முழுக்கத் தேடுகிறான். ஆடோ அவன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. நம் தெரு நெசவாளி முனிரத்தினம்தான் ஆட்டுக்காரன். இடுப்புக்குப் பின்னால் ஒரு பிடி அகத்திக்கீரையைச் செருகிக்கொண்டார். ஆட்டுக்கு அதன்பிறகு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

மனிதர்கள்தான் கெடுத்தார்கள். முதல் சுருள் கழுவி வந்ததும், ஆஸ்பத்திரிக் கூடத்தில் இருக்கும் படம் காட்டும் மெஷினில் போட்டுப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? சந்தையே காமிராவை முறைத்துக்கொண்டு நின்றது. ஒருவர் சலாம் வைத்தார். ஒருவர் தலை வாரிக்கொண்டார். நான் "யாரும் இங்கே பாக்காதீங்க!" என்று கத்தக் கத்த, இன்னும் நாலு பேர் திரும்பியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

"தம்பி, அவரு ஆட்டைத் தேடறாரு. ஊரே உன்னைத் தேடிகினு இருக்குது."

"சிரிக்காதீங்க அண்ணி. பாக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

"பாக்காதேன்னா யாரு கேப்பாங்க? அம்மை குத்தறப்போ புள்ளைகிட்ட ஊசியைப் பாக்காதேன்னா சொல்றேன்? பாக்கறதுக்கு வேற ஒண்ணு குடுக்கணும். அடுத்த சந்தைக்கு நான் வர்றேன்."

பத்து வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்து, சுற்றியுள்ள சின்னச் சின்னக் கண்டிகை ஊர்களுக்கெல்லாம் நடந்து அம்மை குத்திய உங்களுக்குத் தெரிந்தது, காமிராப் புஸ்தகத்தை மூன்று முறை படித்த எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. தாலுகா ஆபீஸில் பேனாச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் காட்டாத மனிதர், அன்றைக்குக் குரலை உயர்த்தினார். "சந்தை நடுவுல வண்டி மேல ஏறி நிக்கறதாவது! சர்ச் சபையில நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

"அம்மை குத்தறப்போ எது மேல ஏறி நிக்கறேன்னு எப்பவாவது கேட்டீங்களா?" என்றீர்கள். "தம்பி படத்துக்கும் ஆச்சு, என் வேலைக்கும் ஆச்சு. ஈயைப் பத்திச் சொல்லப் போறேன்."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தச் சந்தை நாளை நான் எப்படி மறப்பேன்? ஜவுளிக்கடை வாசலில், மூட்டைகளுக்கு நடுவே நான் காமிராவோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, மாடு அவிழ்த்த வண்டி. அதன்மேல் வெள்ளைப் புடவையில் நீங்கள். ஈ ஒன்று சாக்கடையில் குளித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட கதையைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் தாவி, மறுபடி தமிழுக்கு வந்தீர்கள். சந்தை முழுக்க உங்கள் பக்கம் திரும்பியது. முனிரத்தினமும் ஆடும் கூட்டத்துக்குள் நடந்தார்கள். அவர்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை; என்னையும் பார்க்கவில்லை.

அரை நிமிஷத்துக்கு ஒருமுறை நான் சாவி முறுக்க வேண்டும். அப்போதெல்லாம் நீங்கள் கதையை இழுத்துப் பிடித்தீர்கள். முறுக்கி முடித்ததும் ஈ மறுபடி பறந்தது. அதை நீங்கள் எப்படிக் கவனித்தீர்கள் அண்ணி, அத்தனை பேரிடம் பேசிக்கொண்டே?

பாதியில் ஒரு பெரியவர் கைத்தடியைத் தூக்கி, "பொம்பளை வண்டி மேல ஏறி ஊருக்குப் புத்தி சொல்றதா? எறங்கும்மா!" என்று அதட்டினார். கூட்டம் கலையப் பார்த்தது. பாதிச் சுருள் ஓடியிருந்தது. அதோடு எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

"ஆங், நீங்க சொல்றது சரிதாங்க பெரியவரே," என்றீர்கள் நீங்கள். "எனக்கும் இங்க நிக்க பயமாத்தான் இருக்குது. எறங்கிடறேன். மீதிக் கதையை நீங்க ஏறி சொல்றீங்களா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பெரியவர் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, "அப்பறம் அந்த ஈ எங்க போச்சு?" என்று அவரே கேட்டார்.

சுருள் தீர்ந்ததும் நான் காமிராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். உங்களுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒரு சோடா வாங்கித் தரக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சம் சரியாக விழுந்திருக்குமா என்பதே என் கவலை.

பிறகு அந்த ஜுரம். நாலே நாள். மூன்றாம் நாள்கூட "பம்பாய்லேருந்து வந்துச்சா?" என்றீர்கள்.

நேற்று அண்ணன் தாமாகவே வந்து, "அந்தப் படத்தைப் போடேண்டா" என்றார். முனிரத்தினத்தையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போனோம். சுவரில் படம் ஓடியது. அண்ணி, சொன்னால் நம்புவீர்களோ? நிஜமான சந்தை! ஒருவர்கூடக் காமிராவைப் பார்க்கவில்லை. முனிரத்தினம் தேடுகிறார், ஆடு அவர் இடுப்புக் கீரையை எட்டி எட்டி இழுக்கிறது, சுற்றிலும் ஜனங்கள் சிரிக்கிறார்கள், முகம் சுளிக்கிறார்கள், வாய் பிளக்கிறார்கள். நானா எடுத்தேன் என்றிருந்தது.

படம் நின்றதும் அண்ணன் கேட்டார்: "அவ எங்கடா?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க அண்ணி எங்க? ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திருப்பலியா?"

"இல்லண்ணா," என்றேன். நாலு நிமிஷச் சுருளில் ஆட்டுக்கு இடமிருந்தது, வெங்காய மூட்டைக்கு இடமிருந்தது. காமிராவை ஒரு தரம் பின்னால் திருப்பியிருந்தால் நீங்களும் இருந்திருப்பீர்கள். உங்கள் கல்யாணப் படம் ஒன்றைத் தவிர வீட்டில் வேறு படம்கூட இல்லை. அண்ணன் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் அறையவில்லை. "திரும்பப் போடு," என்றார்.

இந்தத் தடவை எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். முகம் சுளித்த ஒரு கீரைக்காரியைக் காட்டி, "இங்க ஈ சாக்கடையில முங்குது," என்றார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் புன்னகைத்தது. "பந்தலுக்குள்ள வந்துடுச்சு. சமையல்காரன் கரண்டியை எடுத்துகினு தொரத்தறான்." பிறகு அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் இடம் வந்தது. "மாப்பிள்ளை மூக்கு மேல உக்காந்துச்சு," என்றார் அண்ணன். உங்கள் குரலிலேயே சொன்னார், அண்ணி. தெலுங்கு வர வேண்டிய இடத்தில் தெலுங்கு வந்தது.

"உனக்கு எப்படிண்ணா இவ்வளவும் தெரியும்?"

"சமைக்கறப்போ எங்கிட்டதான் சொல்லிப் பாத்தா. மாப்பிள்ளை மூக்கை வெக்கச் சொன்னதே நான்தான்."

முனிரத்தினம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நர்சம்மா பேச்சு கேக்குதுங்க," என்றார். எங்கள் மூவருக்கும் கேட்டது. ஐந்து தடவை போட்டோம்.

இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? அவர் கோபத்தோடு வெளியே போனார் என்று நான் மனத்தாங்கலில் இருந்தபோது, நீங்கள் இருவரும் அடுப்படியில் ஈக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தீர்களா? வண்டி மேல் நின்றபோது, இவன் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திருப்புவானா என்று நினைத்தீர்களா? அப்படி நினைக்கிறவர் இல்லை நீங்கள். அதனாலேயே எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

படம் எடுப்பதில் நான் கற்றது கொஞ்சம்தான். வெளிச்சம் எந்தப் பக்கம், சாவி எத்தனை முறுக்கு, எந்தக் காட்சி முன்னால், எது பின்னால். இதெல்லாம் புஸ்தகத்திலும் இருக்கிறது. பார்க்காதே என்று யாரையும் மிரட்டக் கூடாது என்பதை உங்களிடம் கற்றேன். காமிராவின் சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோகும் என்பதை நேற்றுக் கற்றேன்.

பம்பாய்க்கு எழுதிக் கேட்டிருந்தேன். இனிச் சுருள் கிடைக்குமாம். அடுத்த படத்தில், கதை தொடங்குவதற்கு முன்பே, வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் நல்ல வெயிலில் நிறுத்தி முகத்தை எடுப்பேன். வண்டி கொடுத்தவரையும் மூட்டை நகர்த்தியவரையும் விடமாட்டேன். முதலில் அண்ணன். "எனக்கு எதுக்குடா?" என்று கையை ஆட்டுவார், ஆட்டட்டும், அதையும் சேர்த்தே எடுப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கொழுந்தன்,
சகாயம்