பெருநாள் காசும் ஏழு வேலை நாளும்

மார்ச் 3, திங்கள்

நோன்பு மூன்றாம் நாள். மழை விடவில்லை. என் சலவைக் கடையில் வேலை செய்யும் லசினெம் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்: "அக்கா, பெருநாள் சேமிப்பை என்னைக்குத் தருவீங்க? ஊருக்குப் போக, வொனோகிரிக்கு, இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸுக்குச் சொல்லி வச்சிருக்கேன். பையனைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

"இருபத்தேழு" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

சந்தில் பதினைந்து பெண்கள், ஆளுக்கு மாதம் இரண்டு லட்சம் ரூபியா, ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சி விலைதான்; பத்து மாதம். மூன்று கோடி ரூபியா. பத்து வருஷமாக நான்தான் பொருளாளர். பணம் வங்கியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கியில் இல்லை. ஆகஸ்டிலிருந்து அதை ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வருகிறேன், கைபேசியிலேயே, என் பெயரில். யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு டின் பிஸ்கட்டும் இரண்டு பாட்டில் சர்பத்தும் சேர்த்துக் கொடுத்து அசத்தலாம் என்று எண்ணம். பெருமை பீற்றிக்கொள்ளத்தான்.

இன்று அதன் மதிப்பு இரண்டு கோடியே அறுபத்தைந்து லட்சம். சிவப்பு எழுத்தில்.

மார்ச் 5

இன்று பார்க்கவில்லை. இரண்டு தடவைதான் பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

"ஆண்டுக்கு இருபது சதவீதம்" என்று போட்டிருந்ததை வட்டி என்று நினைத்தேன். வங்கி கொடுக்குமே, அந்த மாதிரி. அது முன்னே ஒரு வருஷம் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த வருஷத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கீழே பொடி எழுத்தில் அதைத் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவள், இதைப் படிக்கவில்லை.

யூனிட் என்றால் என்ன என்பதும் இன்றுதான் விளங்கியது. நான் போட்ட பணம் பணமாக அங்கே இல்லை. அதற்கு யூனிட் வாங்கியிருக்கிறேன். யூனிட் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றின் விலைதான் இறங்கியிருக்கிறது. இது புரிந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்— யூனிட்டைக் கொண்டுபோய் இறைச்சிக் கடையில் கொடுக்க முடியுமா?

ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணத்துக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்கிறது. நான் போட்டது எட்டு மாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதுவும் என்னுடையது இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இவரிடம் மட்டும் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"இறங்கினது ஏறாமலா போகும். விட்டுப் பிடி."

"எப்ப ஏறும்?"

"அது எனக்கெப்படிடி தெரியும்? நான் ஸ்கூல் வேன் ஓட்டுறவன்."

ஏறும், சரி. ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட ஏறும். அதுவரைக்கும் பெருநாளைத் தள்ளி வைக்கவா முடியும்?

மார்ச் 18, செவ்வாய்

பங்குச் சந்தை ஒரேயடியாக விழுந்து, காலையில் வியாபாரத்தையே அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விற்கக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் பார்க்கிறேன்: மதியம் ஒரு மணிக்குள் கொடுத்தால் இன்றைய விலை, தாண்டினால் நாளைய கணக்கு. மணி ஒன்று பத்து. என்ன விலை என்றே தெரியாமல் விற்றிருக்கிறேன். மீன்காரி விற்பாளா இப்படி?

அதைவிடப் பெரிய இடி: பணம் கைக்கு வர ஏழு வேலை நாள் வரை ஆகலாமாம். நாளைய கணக்கு என்பதால் நாளை மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும்; ஆறாவது நாள் 27. அதற்குமேல் பெருநாள் விடுமுறை. ஏழாவது நாள் ஏப்ரல் எட்டு. பத்து நிமிஷம்— பத்தே நிமிஷம் பிந்திப்போனேனே, பாவி.

மார்ச் 19

உதவி எண்ணில் ஒரு பையன். "அதிகபட்சம்தான் ஏழு நாள் மேடம். முன்னாடியே வரலாம்."

"வரலாமா, வருமா?"

"வரலாம் மேடம்."

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

துத்திக் அக்கா வீட்டில் நோன்பு திறந்தோம். காய்கறிக் கடை வைத்திருக்கிறாள், சந்திலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். எல்லாரும் பேரீச்சம்பழம் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுகிறது, என் கையிலிருந்து போடுகிறேன், ஆனால் மீதிப் பணம் எந்தத் தேதிக்கு வரும் என்று உறுதியில்லை என்றேன்.

"போடறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டியா முர்வானி?"

"கேக்கலை."

"சரி, ஏறியிருந்தா பிஸ்கட் குடுத்திருப்ப. மிச்ச லாபம் யாருக்கு?"

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை என்று சொன்னேன். பொய். நினைத்திருக்கிறேன். கடைக்குப் புதுப் பலகை மாட்டலாம் என்று நினைத்திருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

ஆளாளுக்குத் திட்டினார்கள். லசினெம் மட்டும் எழுந்து தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

துணி உலர்த்தும் இயந்திரத்தை விற்றேன். ஐம்பத்திரண்டு லட்சம். இந்த மழையில் இனித் துணி எப்படிக் காயப்போகிறதோ.

அதில் லசினெமின் இருபது லட்சத்தை முதலில் கொடுத்துவிட்டேன். மற்றது எப்போது வந்தாலும் அவள் பஸ் ஏறிவிடலாம். வாங்கினாள். விரலை நனைத்துக்கொண்டு என் முன்னாலேயே எண்ணினாள், இரண்டு தடவை. இந்தப் பத்து வருஷத்தில் ஒருத்தியும் என் முன்னால் எண்ணியதில்லை.

மார்ச் 26

வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

இரண்டு நாற்பதுக்கு வந்தது. இரண்டு கோடியே ஐம்பத்தொரு லட்சம். இவர் வேனை எடுத்து வங்கிக்கு விரட்டினார், கதவு சாத்துவதற்குள் எடுத்துவிட்டோம்.

வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லாருமே எண்ணினார்கள். சரியாக இருந்தது. "பெருநாளைக்கு வா" என்று நாலு பேர்தான் சொன்னார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இப்போது துத்திக் அக்கா பொருளாளர். என் மாதத் தவணையைக் கொடுத்துவிட்டு நழுவலாம் என்று போனேன். உள்ளே ஆறேழு பெண்கள். நடுவில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு ஆள், ஏதோ கம்பெனியின் கடன் பத்திரம், ஆண்டுக்குப் பதினொரு சதவீதம், "வங்கி டெபாசிட் மாதிரியேதான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"முர்வானி, உக்காரு. நீ கேளு இவரை. எங்க காசுல படிச்சவதானே நீ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

"இது எப்ப முதிரும்?"

"மூணு வருஷங்க."

"எங்களுக்கு வர்ற பெருநாளைக்கே பணம் வேணும்."

"நடுவுல வேணும்னா வித்துக்கலாம். வாங்க ஆள் கிடைச்சா."

"கம்பெனி நொடிச்சுப் போனா?"

அவர் டீயைக் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாள்களை அடுக்கினார். ஊரிலிருந்து திரும்பியிருந்த லசினெம் எழுந்துபோய் அவருடைய செருப்பை எடுத்து, கிளம்ப வசதியாக வாசல் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அவர் போனதும் துத்திக் அக்கா பெருநாள் மிச்ச அன்னாசி பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினாள்.

"தின்னு. அதுக்காகப் பொருளாளர் வேலையைத் திரும்பக் கேட்டுடாத."

நான் கேட்கவில்லை. மூன்று பிஸ்கட் தின்றேன்.