மோதிரத்தில் ஒட்டிய மெழுகு

அனாக்னியா, ஏப்ரல் மாதக் கடைசி

என் கண்ணான ரூப்ரியாவுக்கு அம்மா நுமிசியா எழுதுவது. நீ சுகமாக இருந்தால் நாங்களும் சுகம், அங்கே உனக்குத் தலை வலித்தால் இங்கே எனக்குப் பல் வலிக்கும், ஆகையால் தயவுசெய்து சுகமாக இரு. மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் எங்கள் அன்பு. மசிலியாவிலிருந்து நீ அனுப்பிய மீன்சாறு ஜாடி வந்து சேர்ந்தது, பாதி வழியிலேயே கசிந்துவிட்டதாம், கோவேறு கழுதைக்காரன் வருகிறான் என்று மூன்று ஊருக்கு முன்பே வாசனை சொல்லிவிட்டது. மிச்சத்தையும் நான் கூடத்து மெத்தைப் பலகையில் சிந்தி, அந்தப் பலகையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. நம் பெரிய பன்றி ஒன்பது குட்டி போட்டிருக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. உன் தோழி மிர்ட்டாலே நான்கு பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள், உன்னைக் கூப்பிடவில்லை, இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே, அப்பன் ரத்தம் எங்கே போகும் என்றுதான் சிரித்தேன். இங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் நீயே முடிவு செய்.

ரோமில் அந்தப் பெரிய மனிதரைக் கொன்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். குத்தியவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டில் கை நனைத்தவர்கள் என்று கேட்டதும் நம் ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவனவன் தன் நண்பனின் கையையே பார்க்க ஆரம்பித்தான். ஒரு வாரம் எவனும் சவரக்காரனிடம் கழுத்தைக் காட்டவில்லை, மன்றத்தில் எல்லாரும் தாடியோடு கரடி மாதிரி நின்றார்கள். இந்த ஆண்டு ஊர்த் தலைமை உன் அப்பாவுக்கும் மானியஸ் மாமாவுக்கும் என்பது உனக்குத் தெரியும். அப்பா செத்தவர் கட்சி, மாமா குத்தியவர்கள் கட்சி. பதினைந்து வருஷமாக இப்படித்தான், ஒரே தட்டில் ஆலிவ் எடுத்துத் தின்றுகொண்டே ஒருவரை ஒருவர் தேசத் துரோகி என்று திட்டிக்கொள்வார்கள், கொட்டையை யார் தூரமாகத் துப்புகிறார் என்று போட்டியும் வைப்பார்கள். நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. இப்போது ரோமில் யார் கை ஓங்கினாலும் ஊர் சார்பில் போய்ப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு வர ஆள் வேண்டும் என்று சபை கூடி மானியஸ் மாமாவைத் தேர்ந்தெடுத்தது. வழியெல்லாம் கலவரம், ரோமுக்குள் இன்னும் மோசம். பத்து நாளில் கிளம்ப வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் கான்டியஸ் வந்தான். போன தேர்தலில் அப்பாவிடம் தோற்றானே, அவன்தான். முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் கேசோ, நான் சொன்னேன்னு வெளிய விட்டுடாதீங்க. நேத்து சாயங்காலம் மானியஸ் வீட்டுக்குள்ள ஏழு பேரு போனாங்க. உள்ள போனதும் கதவைச் சாத்தியாச்சு. கசாப்புக்கார சால்வியஸ் இடுப்புல கத்தியோட போனான். உங்களைக் கூப்பிடலையா? அடடா" என்றான். அந்த அடடாதான் குடியைக் கெடுத்தது. அப்பா உள்ளே போய் ஸ்பெயின் போரில் போட்ட தோல் கவசத்தைத் தேடி எடுத்து மேலாடைக்கு உள்ளே மாட்டிக்கொண்டார். இப்போது இருக்கிற தொப்பைக்கு அது எப்படிப் பொருந்தும்? நடக்கும்போதெல்லாம் கதவுக் கீல் மாதிரி கிறீச் கிறீச் என்றது. பருப்புக் கூழை என்னை முதலில் தின்னச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம், "உங்களைக் கொல்லணும்னா முப்பது வருஷமா நான்தானே சமைக்கிறேன், அதுக்குக் கத்தி எதுக்கு, கசாப்புக்காரன் எதுக்கு?" என்று கேட்டேன். "உனக்கு அரசியல் தெரியாதுடி" என்றார்.

அன்று மதியமே அந்தக் காரியத்தைச் செய்தார். நம் ஹிலாரஸை, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அந்த நல்ல மனுஷனை, இரண்டு சாட்சிகளோடு மானியஸ் வீட்டு வாசலுக்கு அனுப்பி, தெருவே கேட்கும்படி, கேசோ ரூப்ரியஸ் உங்கள் நட்பை இன்றோடு திருப்பித் தருகிறார், இனி இந்த வாசலை அவர் மிதிக்க மாட்டார் என்று சொல்ல வைத்தார். நான் அடுப்படியில் நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நேரில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கெஞ்சினேன். துரோகியிடம் போய்க் கேட்பது கௌரவக் குறைச்சலாம். ஹிலாரஸ் அழுதுகொண்டே திரும்பி வந்தான். மானியஸ் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சரி, கேட்டுக்கிட்டேன்னு சொல்லுன்னாரும்மா. அப்புறம் நான் படி இறங்கும்போது, அவனுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்றான். கேட்டாயா ரூப்ரியா. நாற்பது வருஷம், மலைப் போரில் ஒரே போர்வையைப் பாதிப் பாதியாகப் போர்த்திக்கொண்டவர்கள், நீ பிறந்தபோது உன்னை அப்பாவுக்கு அடுத்துக் கையில் வாங்கியவர் அவர்தான். இந்த மனுஷன் ரோமுக்குப் போய்த் திரும்பாவிட்டால் கடைசியாக அவருக்கு நாம் சொன்னது இதுதானா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் மன்றத்தில் இன்னும் கூத்து. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்க வேண்டும். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து மாமாவும் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகும் முதுகும். ஆடு காணாமல் போன கிழவி ஒருத்தி சுற்றிச் சுற்றி வந்து இரண்டு பேருக்கும் தனித்தனியாக அழுது காட்ட வேண்டியிருந்தது, கடைசியில் "ஐயா, ஆடே வேண்டாம், எனக்குத் தலை சுத்துது" என்று போய்விட்டாள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா மட்டும் வீட்டுக்கு வந்து அத்தி மரத்தடியில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஆலிவ் தட்டை வைத்தேன், ஒன்றை எடுத்தார், கொட்டையைத் துப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மாமா கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நான் சால்வியஸ் கடைக்குத் தொத்திறைச்சி வாங்கப் போனேன். அவன் இடது கையால் எடுத்துக் கொடுத்தான். என்னப்பா இது என்று கேட்டதுதான் தாமதம், "வலது கையைத் தூக்க முடியலம்மா. மானியஸ் ஐயா வீட்டுல தராசைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுல தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. சட்டுனு முடிஞ்சிருக்கும். அந்த வாத்து மடையன், நம்ம ரொட்டிக்காரன், மோதிரத்தை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டான். அவன் போய் எடுத்துட்டு வர்ற வரைக்கும் தராசைக் கீழ வைக்கக் கூடாதாம். கடையிலேருந்து அப்படியே போனேன், இடுப்புக் கத்தியைக்கூட கழட்டலை" என்று புலம்பினான். எனக்குக் கையில் இருந்த கூடை நழுவிவிட்டது. உனக்கு நான் சொல்ல வேண்டுமா, ஏழு ஆண்கள், ஒரு வெண்கலத் தராசு, விரலுக்கு விரல் முத்திரை மோதிரம், இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் போனால் அங்கே உயில் எழுதுகிறார்கள் என்று நம் ஊர்க் கோழிக்கும் தெரியும். ஆபத்தான ஊருக்குப் போகிற மனுஷன் உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். கான்டியஸ் பாவி கத்தியைச் சொன்னான், தராசைச் சொல்லவில்லை.

ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்படியே முகம் மலர்ந்தது, தோல் கவசத்தின் வாரை அவிழ்த்தார், அவிழ்த்த கையோடு மறுபடி முகம் சிவந்தது. "உயிலா? உயில் எழுதிட்டு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடலையா? ரொட்டிக்காரனைக் கூப்பிட்டிருக்கான், கசாப்புக்காரனைக் கூப்பிட்டிருக்கான், என் மோதிரம் மட்டும் அவனுக்குக் கசக்குதா? இதுக்குக் குத்தியே கொன்னிருக்கலாம்!" என்று குதித்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன், "போன வருஷம் அந்த ஓடு சுடுறவன் உயில் வழக்குல மன்றத்துல ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினது யாரு? வாரிசுன்னு பேரு எழுதியிருக்கிறவன் அதே உயில்ல முத்திரை வைக்கிறது முறை கிடையாதுன்னு யாரு சொன்னது?" நான்தான் என்று ஆரம்பித்தார், வாய் பாதியில் நின்றுவிட்டது. அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார், உட்கார்ந்த இடம் அந்த மீன்சாறு பலகை, அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத மனுஷன் தன் வீட்டையும் தன் குலதெய்வங்களையும் யாருக்கு விட்டுப் போக நினைத்தாரோ, அவரே வாசலுக்கு ஆள் அனுப்பித் தெருவில் வைத்து நட்பை முறித்திருக்கிறார். உன் அப்பா அழுது நான் பார்த்தது உன் கல்யாணத்தில் ஒரு முறை, இது இரண்டாம் முறை.

முறித்ததை ஒட்ட வைக்க நம்மிடம் ஒரு சடங்கும் இல்லையே. அப்பா என்ன செய்தார் தெரியுமா, மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வெளுத்த மேலாடையைக் கட்டிக்கொண்டு மானியஸ் வீட்டு வாசலுக்குப் போய், தினமும் காலை வணக்கம் சொல்லி உதவி கேட்க வருகிற ஜனங்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். ஊர்த் தலைவர், ஒரு பக்கம் செருப்புத் தைக்கிறவன், முன்னால் ஆடு தொலைத்த அதே கிழவி. தெருவே கூடிவிட்டது, நானும் ஹிலாரஸும் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றோம். மாமா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவர்கள் மாட்டின் சுகத்தையெல்லாம் சாவகாசமாக விசாரித்தார், வேண்டுமென்றேதான். கடைசியில் அப்பா முறை வந்தது. மாமா, தன் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் பெயரைச் சொல்கிற அடிமையிடம், "இது யாருப்பா, பார்த்த முகமா இருக்கே?" என்று கேட்டார். அவன் பாவம், வாயைத் திறப்பதற்குள் அப்பாவே, "ஊர்ல இருக்கிற பெரிய முட்டாள்னு சொல்லுப்பா" என்றார். "அப்படி எனக்கு ஒருத்தனைத்தான் தெரியும், அவன் நட்பைத் திருப்பிக் குடுத்துட்டான்" என்றார் மாமா. "அதைத்தான்டா திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன்" என்றார் அப்பா. மாமா படி இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார், பிடித்த உடனே மூக்கைச் சுளித்து, "என்னடா இது, மீன் நாத்தம்?" என்றார். மேலாடைதான் வேறு, உள்ளாடை அதேதான், நான் கவனிக்கவில்லை. தெருவே சிரித்தது, நான் மட்டும் அழுதேன்.

ஆனால் உயில் போய்விட்டது ரூப்ரியா. ஹிலாரஸ் வந்துவிட்டுப் போன அன்றே மாமா நூலை அறுத்து ஏழு முத்திரையையும் உடைத்துவிட்டாராம். அதனால் மறுபடி எழுதினார்கள், மறுபடி சால்வியஸ் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தான், இந்தத் தடவை இடது கையில். மெழுகுப் பலகையைக் கட்டியதும் மாமா அப்பாவைக் கூப்பிட்டு, "முதல் முத்திரை உன்னோடது, வைடா" என்றார். அப்பாவுக்குப் புரிந்தது, முத்திரை வைத்தால் வாரிசு இல்லை. நோலாவில் இருக்கிற மாமாவின் அண்ணன் மகனுக்கு எல்லாம் போகிறது போல. அப்பா நிமிர்ந்து பார்த்தார். "போன தடவை உன் பேரு உள்ள இருந்துச்சு, உனக்கே தெரியல" என்றார் மாமா, "இந்தத் தடவை வெளிய இருக்கட்டும், ஊர் பார்க்கட்டும்." அப்பா மோதிரத்தை அழுத்திய அழுத்தில் பலகை உடைந்துவிடும் என்று ரொட்டிக்காரன் பயந்துபோனானாம். ஒரு வீட்டையும் தோட்டத்தையும் கோட்டைவிட்டு வந்த மனுஷன், நாட்டையே பிடித்தவர் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கே கான்டியஸும் சமாதானம் கேள்விப்பட்டுச் சந்தோஷப்படுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். தராசைக் கவனிக்கவில்லையாம். நான் மரியாதையாக அந்த மீன்சாறு பலகையில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான்.

மாமா ரோமுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், நேற்றுதான் ஆள் வந்தான். இரண்டு கட்சிக்கும் வணக்கம் வைத்தாயிற்று, இன்னும் யாரும் தன்னைக் குத்தவில்லை, கேசோவுக்கு அதில் வருத்தம் இருந்தால் மன்னிக்கவும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா அதைத் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார்.

நீ அந்த மிர்ட்டாலே விஷயத்தில் ஆள் கீள் அனுப்பித் தொலைக்காதே. நாலு பேர் உள்ளே போனார்கள் என்றால் ஐந்தாவதாக நீயே போய்க் கதவைத் தட்டு. மாமியாரிடம் வாய் கொடுக்காதே. அடுத்த மீன்சாறு ஜாடியின் வாயில் தார் பூசி அனுப்பு. அத்தி பழுக்கிற மாதம் வருவதாகச் சொன்னாய், நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நம் அடுப்பங்கரைத் தெய்வங்கள் உன் அடுப்பையும் அணையாமல் காக்கட்டும், உன் மடி நிறையட்டும், உன் வாசலுக்கு நல்ல செய்தியே வரட்டும்.

இந்தக் கடிதத்தின் முத்திரை மங்கலாக விழுந்திருக்கும், வழியில் யாரோ பிரித்துப் படித்துவிட்டார்கள் என்று பயப்படாதே. மாமாவின் உயில் மெழுகு அப்பாவின் மோதிரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டித் தருகிறேன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன், அந்த மனுஷன் மாமா திரும்பி வருகிற வரைக்கும் கையைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நுமிசியா