கேட்டுக்கு வெளியே களி

இன்று புதன்கிழமை. என் காய்கறி மண்டிக்குப் பின்னால் அண்டாவில் கேழ்வரகுக் களி வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை முன்பக்கம் வந்ததும் நம் ஆட்கள் தக்காளிப் பெட்டிகளை வேகமாக இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நீ ஞாபகத்துக்கு வந்தாய். புதன் என்றால் களி என்று முதலில் விதி போட்டவன் நீதானே.

ஓசூர் தொழிற்பேட்டையில் உன் கம்பெனி கேன்டீனுக்கு நான் காய்கறி போட்டுக்கொண்டிருந்தேன். நீ லேத் ஆபரேட்டர். கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் சார்பாக இருந்தாய். முதல் நாளே என் பீன்ஸ் மூட்டையில் கைவிட்டு ஒன்றை எடுத்து வளைத்தாய். அது ஒடியவில்லை.

"இதை உங்க வீட்டுல சமைப்பீயளா, அண்ணாச்சி?"

"நான் அண்ணாச்சி இல்லப்பா. வேப்பனப்பள்ளிக்காரன். எங்கூட்ல தெலுங்கு பேசறவங்க."

"சரி, தெலுங்கு அண்ணாச்சி. மூட்டையைத் திருப்பிக் கொண்டு போங்க."

திருப்பிக் கொண்டுபோய் வேறு கேன்டீனில் தள்ளினேன். பிறகு அதை உன்னிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். எங்கள் மண்டியில்தான் முதன்முதலாகக் களி சாப்பிட்டாய். தெற்கத்திக்காரன், உருண்டையைப் பல்லில் வைத்து மென்றுகொண்டிருந்தாய். "மெல்லக் கூடாதுப்பா, கொழம்புல பொரட்டி முழுங்கு" என்று என் ஆட்கள் உன்னைக் கேலி செய்தார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே புதன்கிழமைக்குக் களியும் மொச்சைக் குழம்பும் கேட்டு வாங்கிவிட்டாய்.

பிறகு கம்பெனி கை மாறியது. அதன் விளைவு உங்களுக்கு முன்பே எனக்குக் கேன்டீன் ஆர்டரில் தெரிந்தது. முதலில் முட்டையை நிறுத்தினார்கள், அப்புறம் இரண்டாவது பொரியலை. ஒருநாள் களியும் போயிற்று. அடுத்து கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கம்பெனி பஸ். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது ஒட்டிய நோட்டீஸில் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். கேன்டீனில் ஆட்கள் பேசுவது நின்றது. சோறு மிஞ்சியது. சோறு மிஞ்சுகிற இடத்தில் மனிதர்கள் ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள். இது காய்கறிக்காரன் கணக்கு.

கடைசியாக வந்த நோட்டீஸ், மருத்துவக் காப்பீட்டிலிருந்து அப்பா அம்மாக்களை நீக்கியது. உன் அம்மாவின் இதய வால்வு ஆபரேஷனுக்கு பெங்களூரில் நாள் குறித்திருந்த நேரம் அது. ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட ஆரம்பித்தார்கள். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, "உங்க அம்மாவை மட்டும் லிஸ்ட்ல வச்சுக்கறோம். நீங்க பசங்களைப் போகாம பாத்துக்கங்க" என்றார். நீ நேராக என் மண்டிக்கு வந்தாய்.

"ஒத்துக்கப்பா. பெத்தவ பொழைக்கட்டும். மத்தவன் பாட்டை மத்தவன் பாத்துக்குவான்" என்றேன். வியாபாரி வேறென்ன சொல்வான்?

"நான் பதில் சொல்லிட்டுதான் வாரேன், அண்ணாச்சி."

"என்னன்னு?"

"எங்கம்மா மட்டுந்தான் அம்மாவா சார், மத்தவனெல்லாம் மெஷின்ல இருந்தா பொறந்தான்னு கேட்டேன்."

ஸ்டிரைக் பண்ணப் போகிறீர்களா என்றேன். "ஸ்டிரைக் எதுக்கு? உள்ள இருக்கணும்னு ஆசைப்படுதவன்தான் ஸ்டிரைக் பண்ணுவான். நாங்க போறோம்" என்றாய்.

ஒரு புதன்கிழமையாகப் பார்த்துப் போனீர்கள். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் உன் செக்‌ஷன் மொத்தமும் ராஜினாமா கொடுத்துவிட்டு வெளியே வந்தது. கோஷம் இல்லை, கல்வீச்சு இல்லை. கேட்டுக்கு எதிரே என் டெம்போவில் களி அண்டா ஆவி பறக்க நின்றது. அதை நீ கேட்கவில்லை, நானாகக் கொண்டு வந்தேன். அவரவர் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டி உருண்டை வாங்கிக்கொண்டீர்கள். பர்ச்சேஸ் மேனேஜர் ஓடி வந்தார்.

"எங்க கேட் முன்னாடி என்ன பண்றீங்க? நாளையிலிருந்து உங்க காய் உள்ள வராது, தெரியுமில்ல?"

"கேட்டு உங்களுதுங்க. ரோடு ஊருதுங்க. உங்களுக்கு ஒரு உருண்டை போடட்டுங்களா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உனக்குப் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன்.

கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேலை தேடினீர்கள். எந்த இன்டர்வியூவில் உட்கார்ந்தாலும் உங்களில் ஒவ்வொருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: அப்பா அம்மாவுக்கு மருத்துவம் உண்டா? இல்லை என்றால் எழுந்து வந்துவிடுவீர்கள். அந்த வாரங்களில் உன் அம்மா படியேறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். நீ இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறுவாய். "தப்புப் பண்ணிட்டனா, அண்ணாச்சி?" என்று ஒரே ஒரு முறை கேட்டாய். நான் மருந்துப் பையோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். உன் அம்மாதான் மூச்சுக்கு நடுவே சொன்னார்: "வாயை மூடுல. மேல ஏறு."

பழகிய கைகள் தேவைப்பட்ட ஒரு கம்பெனி கடைசியில் ஒத்துக்கொண்டது. உன் செக்‌ஷன் ஆட்கள் பெரும்பாலும் அங்கேயே சேர்ந்தார்கள். தள்ளிப்போன ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. எனக்கு ஒரு கேன்டீன் போயிற்று. ஆனால் நீங்கள் போய்ச் சேர்ந்த இடங்களிலெல்லாம் என் காய்கறி பின்னாலேயே வந்தது. "சண்டையில லாபம் பார்த்த ஒரே ஆளு நீங்கதான்" என்பாய். உண்மைதான். அதற்காக நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அம்மாவின் நெஞ்சுக்காக அலைந்த நீ உன் நெஞ்சைக் கவனிக்கவில்லை. மாரடைப்பில் நீ போன பிறகு உன் அம்மா தெற்கே ஊரில் உன் தங்கை வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் "சாப்டியாய்யா?" என்று என்னைக் கேட்பார். உன்னைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

இன்று களி வெந்துகொண்டிருந்தபோது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். மண்டி ஆட்களின் மருத்துவப் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும்.

"பேரன்ட்ஸை எடுத்துட்டா பிரீமியம் நல்லாக் கொறையும்ணா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. உங்கம்மாவை மட்டும் வேணும்னா தனியாப் போட்டுடலாம்."

"எங்கம்மா மட்டுந்தான் அம்மாவாப்பா?" என்றேன். நான் பேசியதில் உன் ஊர் இழுப்பு இருந்தது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

ஏஜென்ட் சிரித்துச் சமாளித்தார். அவர் மூக்கு களிப் பக்கமே இருந்தது. உட்காரச் சொன்னேன். போன வருஷப் பாலிசியில் இருந்த அப்பா அம்மாக்களில் ஒருவர் பெயரும் விடாமல் எழுதச் சொன்னேன். எழுதி முடித்த பிறகுதான் தட்டு வைத்தேன்.