என் பேரில் வந்த உன் ரிசல்ட்

மேனாம்பேடு,
2-3-1992

அன்புள்ள பூங்காவனம் அக்காவுக்கு,

அருள்செல்வி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம். நீ, தசரதன் மாமா, பிள்ளைகள் எல்லாரும் சுகமா? பக்கத்து வீட்டைக் காலி செய்து சேக்காட்டுக்குக் குடிபோன கையோடு என்னை மறந்துவிட்டாய்.

எங்கள் கம்பெனியில் பெண்களுக்குக் கேன்சர் பரிசோதனை முகாம் நடந்ததே, நான் வெட்கப்பட்டு அழுததைப் பார்த்து, "சீட்டைக் குடுடி, மூணு புள்ள பெத்தவளுக்கு இன்னா வெக்கம்" என்று என் பேரில் நீ போய் வந்தாயே, அந்த ரிசல்ட் வந்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் கோளாறு தெரிகிறதாம். உடனே அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பம்தான், இப்பவே பார்த்தால் குணமாகிடும், தள்ளிப்போடாதே" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார்.

வருகிற சனிக்கிழமை லீவு போடுகிறேன். சேர்ந்து போவோம்.

உன்,
அருளு

சேக்காடு,
6-3-92

அருளுக்கு பூங்காவனம் எழுதறது.

பேப்பர்ல உன் பேர் கீது, நோவு மட்டும் எனக்கா? பயமா இருந்தா உன் புருசனைக் கூட்டிக்கினு போ, என் தலையில கட்டாதே. எனக்கு ஒரு வலி கிடையாது. ரெண்டு குடம் தண்ணியை ஒரே நடையில தூக்கியாரேன்.

ஆம்பள டாக்டர் எதிர்ல படுத்தேன்னு அவருக்குத் தெரிஞ்சா ஊட்ல சேர்க்க மாட்டாரு. மாமியாக்காரியும் இங்கதான் கீது. நேர்ல வந்து எதையும் சொல்லிடாதே, உன் கால்ல விழறேன்.

பூங்காவனம்

மேனாம்பேடு,
31-3-92

அன்புள்ள அக்கா,

நானே அடையாறு போய் என் சொந்தப் பேரில் பரிசோதனை செய்துகொண்டேன். ஐந்து நிமிஷ வேலை. இதற்குத்தானா அப்படி அழுதேன்! எனக்கு ஒன்றுமில்லையாம். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்படியென்றால் அது உன்னுடையதுதானே?

வலி வந்த பிறகு போனால் முற்றிப்போயிருக்குமாம். வலி இல்லாதபோதே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையாம். அந்த டாக்டரம்மா சொன்னார். ஆமாம், அங்கே பார்த்தது ஒரு அம்மாதான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆவடி ஸ்டேஷனில் நிற்பேன். கெஞ்சிக் கேட்கிறேன், வா.

அருளு

மேனாம்பேடு,
10-4-92

அக்கா,

சனிக்கிழமை பன்னிரண்டு மணிவரை நின்றேன். நீ வரவில்லை.

நேற்று தசரதன் மாமாவின் லேத் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எவன் எதிர்ல படுத்தா?" என்று ஊரே கேட்கக் கத்தினார். ரிசல்டைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், "பொயச்சிக்குவாளா?" என்று கேட்டார். இன்றைக்கே போனால் பிழைப்பாள் என்றேன். இந்த லெட்டர் வருவதற்குள் உன்னை அடையாறுக்கு அழைத்துப் போயிருப்பார்.

நீ கால்ல விழறேன் என்று எழுதியும் சொல்லிவிட்டேன். எனக்காகப் போனவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இனி என் முகத்தில் விழிக்க மாட்டாய், தெரியும். பதில் போட வேண்டாம். என்னைத் துரோகி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல். இன்னும் முப்பது வருஷம் உயிரோடு இருந்து சொல்லிக்கொண்டே இரு அக்கா.

அருள்செல்வி