நான் போட்ட ஏழு

ஸ்தவாங்கர்,
அக்டோபர் 14

அன்புள்ள இங்குனுக்கு,

துரீத் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாயோ என்று, உறைமேல் முகவரியை ஆஸ்லாக்கை எழுதச் சொன்னேன். இங்கே எல்லோரும் நலம். மழைதான் விடவில்லை. வெள்ளிக்கிழமை வாஃபிள் சுடும் முறை போன வாரம் எனக்கு, வழக்கம்போல் கருகியது. "இங்குன் சுட்டா இப்படியா இருக்கும்?" என்று ஒருவன் கேட்டான். நீ போய் எட்டு மாதமாகியும் வாஃபிளில்கூட உன்னோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. கடல் நடுவே இருக்கும் எண்ணெய் மேடைகளுக்குப் பதினேழு வருடம் ஹெலிகாப்டர் ஓட்டியவள் நான். நீ ஒன்பதே வருடம். ஆனால் பயிற்சிக்கு வந்த புது சிமுலேட்டரை நிஜ ஹெலிகாப்டர் மாதிரியே நடக்கவைக்க ஒரு விமானி வேண்டும் என்றதும் ஆஸ்லாக் உன்னைத்தான் கூப்பிட்டான். மூன்று மாதம் அவன் கணினியில் எண்களை மாற்ற மாற்ற, நீ ஓட்டிப் பார்த்துச் சொன்னாய். மதியம் சாப்பிடும்போதும் அது எப்படி ஆடுகிறது என்று இருவரும் உள்ளங்கையை ஆட்டிக் காட்டிப் பேசுவீர்கள். நான் பக்கத்தில் ரொட்டியும் பழுப்புச் சீஸுமாக மென்றுகொண்டிருப்பேன்.

பிறகு உன் வேலையைச் சோதிக்க என்னை சிமுலேட்டரில் உட்காரவைத்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. இருக்கையை விட்டு எழுமுன், யாரோடும் பேசாமல், ஓட்ட எவ்வளவு கடினம் என்று ஒரு தாள்சீட்டில் எண் எழுத வேண்டும். ஒன்று என்றால் அருமை, பத்து என்றால் அடக்கவே முடியாது. எழுதிய எண்ணை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

மேடைக்கு மேலே அந்தரத்தில் நிறுத்தினேன். கைப்பிடியைச் சற்று விட்டதும் மூக்கு ஆடத் தொடங்கி, ஆட்டம் வளர்ந்துகொண்டே போனது. பிடித்தால் அடங்கியது, பிடித்த கையைச் சும்மா வைத்தால் மறுபடி நழுவியது. அச்சு அசல் நிஜ ஹெலிகாப்டர், இங்குன். எனக்கு உடம்பே சிலிர்த்தது. நிஜத்துக்கு நான் எப்போதும் போடுவது நான்கு. அன்று சீட்டில் ஏழு போட்டேன். "தேவைக்கு மேல் ஆடுகிறது" என்று பக்கத்தில் வேறு எழுதினேன்.

கணினியில் இருந்த உன் எண்களை அழித்தார்கள். அந்த வேலையிலிருந்து உன்னை எடுத்தார்கள். நீ யாரோடும் சண்டை போடவில்லை. வடக்கே பூடோவுக்கு மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டப் போய்விட்டாய். கிளம்பும் அன்று, "நெஜமாவே அவ்ளோ ஆடுச்சா, துரீத்?" என்று மட்டும் கேட்டாய். "ஆடுச்சு" என்றேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இப்போது சிமுலேட்டர் கையை எடுத்தாலும் மேசை மாதிரி நிற்கிறது. அதில் பழகிய சில்யே என்ற புதுப்பெண் போன வியாழன் என்னோடு நிஜ ஹெலிகாப்டரில் ஏறினாள். தரைக்குப் பத்தடி மேலே நிறுத்தச் சொன்னேன். அது தானாக நிற்கும் என்று கையை அசைக்காமல் காத்திருந்தாள். பக்கவாட்டில் சரிந்தது. நான் பிடுங்கிப் பிடித்திராவிட்டால் மேலே சுற்றும் இறக்கை தரையில் அடித்திருக்கும். இறங்கியதும் அழுதாள். "சிமுலேட்டர்ல நல்லாத்தானே நின்னுச்சு? என் கைதான் சரியில்ல போல" என்றாள். அவளை வேலையை விட்டு அனுப்பப் பேச்சு நடக்கிறது.

மறுநாளே ஆஸ்லாக்கிடம் ஏழு பொய் என்று சொன்னேன். "எனக்கு அப்பவே சந்தேகம். எழுதின எண்ணைக் கேக்கக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றான். நானே உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன் என்றேன். "நீ வேணாம். அவளக் கூப்பிடு" என்றான். அந்த நிமிடத்தில்கூட எனக்கு வெட்கத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. என்ன பிறவியோ நான்.

மேலிடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என்னைச் சோதனைக்கு உட்காரவைக்க மாட்டார்கள். இருபத்தேழாம் தேதி பயிற்சிக்கு அடுத்த அணி வருகிறது. அதற்குள் நீ வந்து உன் எண்களைத் திரும்பப் போட வேண்டும். எனக்காக வேண்டாம், தன் கையையே சந்தேகப்படும் அந்தப் பெண்ணுக்காக. நீ உள்ளே இருக்கும்போது நான் கதவுக்கு வெளியே இருப்பேன். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

வடக்கே இந்த வாரம் புயல் என்கிறார்கள். போகிற இடமெல்லாம் பத்திரமாக இறங்கு. இங்கே வந்ததும், கிளம்பும் அன்று கேட்டதை இன்னொரு முறை என்னிடம் கேள்.

இன்னும் பொறாமை தீராத,
துரீத்