முள்ளைப் பார்க்காத எட்டு மாதங்கள்

ஜனவரி 16, செவ்வாய்

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகள் வந்தன. ஈரலில் கொழுப்பு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. புது டாக்டர் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "கொஞ்சம் எடையைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். அடுத்த ஆளுக்கு மணியும் அடித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் எதிரே இருந்த பூசின உடம்புக்காரியைத்தான் அவர் பார்த்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் துனிஸ் ஆஸ்பத்திரியில், அக்கா ஸ்பூனோடு காத்திருக்க, பற்களை இறுக்கிக்கொண்டு கிடந்த இருபத்தாறு வயது எலும்புக்கூட்டை அவருக்கு எப்படித் தெரியும்?

சாப்பிட மறுத்துத் தன்னையே பட்டினி போட்டுக்கொள்ளும் அந்த நோயிலிருந்து மீண்டபின் "எடையைக் குறை" என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. இன்று கேட்டவுடன் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று உள்ளே எதுவோ துள்ளியது.

அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 17

லுத்ஃபியிடம் சொன்னேன், அந்தத் துள்ளலையும் சேர்த்து. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். "நல்லவேளை சொன்ன. தனியா மட்டும் ஆரம்பிக்காத. எதுவா இருந்தாலும் ரெண்டு பேரா செய்வோம்."

கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் தெரிந்து என்னைக் கட்டிக்கொண்டவன். இருந்தும் இன்று அந்தத் தேநீரை அவன் பிறகு தொடவே இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

அக்கா ஜுபைதாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிறு குஸ்குஸ் சாப்பாடு அவள் வீட்டில்தான். மீன் துண்டை என் தட்டில் வைக்கும்போது சொன்னேன்.

"எடை குறைக்கறேன்னு இன்னொரு தரம் சொன்ன, பல்லை உடைச்சிடுவேன்டி. உன்னைத் தூக்கிட்டு டாய்லெட்டுக்குப் போனவ நான். ஒரு பூனைக்குட்டி கனம்தான் இருந்த, தெரியுமா உனக்கு?"

"ஈரல்ல கொழுப்பு இருக்குக்கா. அம்மா சர்க்கரையிலதானே போனாங்க?"

அக்கா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுவதை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. திரும்பி வந்து என் தட்டில் இன்னொரு அகப்பை போட்டாள். வயிறு நிறைந்திருந்தும் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே.

ஜனவரி 30, செவ்வாய்

அன்றைக்குத் துனிஸ் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த மனநல டாக்டரைத் தேடிப் பிடித்தேன். அவர் உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். பெயர் இன்சாஃப். எங்கள் ஊர் பிஸெர்த்தின் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் சின்ன அறை.

எடை பார்க்கும் கருவியில் என்னை முதுகு காட்டி ஏறச் சொன்னார். "முள்ளை நான் பார்த்துக்கறேன். உங்களுக்கு அது வேண்டாம். எண்ணே இல்லாம இந்த வேலைய முடிப்போம்."

"எதையெல்லாம் நிறுத்தணும் மேடம்?"

"எதையும் இல்ல. மூணு வேளை, நடுவுல ரெண்டு சிற்றுண்டி. ஒண்ணைத் தவறவிட்டாலும் எனக்குச் சொல்லணும். நீங்க பழையபடி ஆகற மாதிரி தெரிஞ்சா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். ஈரலை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல நீங்க."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா உங்களுக்கு எப்பப் பசிச்சது?"

பன்னிரண்டு வருடமாகக் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன். யார் எது வைத்தாலும் மறுப்பதில்லை. மறுத்தால் நோய் திரும்பிவிட்டது என்று எல்லோரும் பயப்படுவார்களே. பசி வரவிட்டதே இல்லை. ஒரு காலத்தில் அதை ஜெயித்தேன், பிறகு அதற்குப் பயந்து ஓடினேன். அதன் பேச்சைக் கேட்டதுதான் இல்லை.

பிப்ரவரி 14

பதினொன்றரைக்குப் பசித்தது. வெறும் பசி. ரொட்டியும் ஆலிவும் ஒரு முட்டையும் தின்றேன். போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 3, ஞாயிறு

மாலையில் கடற்கரைச் சாலையில் லுத்ஃபியோடு நடை. நான் வேகம் கூட்டினால் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். "ஓட்டப் பந்தயம் இல்ல தாயே. மூச்சு வாங்காம என்னோட பேசிக்கிட்டே வரணும், அதான் மேடம் சொன்ன கணக்கு." மூச்சு வாங்குவதென்னவோ அவனுக்குத்தான்.

மார்ச் 11, திங்கள்

நாளை ரமலான் பிறக்கிறது.

நான் நோன்பு வைக்கக் கூடாது என்று இன்சாஃப் மேடமும் மனநல டாக்டரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இது புதிதல்ல. பன்னிரண்டு வருடமாக ஏழைகளுக்கு உணவு கொடுத்து ஈடு செய்கிறேன். ஆனால் ஊரே பட்டினி கிடக்கும்போது நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று மெல்லுவது எப்படி? இந்த வருடம் முதலாளி பின்னறைச் சாவியை என் கையில் வைத்தார். "உங்கிட்டயே இருக்கட்டும்மா. மதியம் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க, நானும்தான்." காரணம் கேட்கவில்லை. அவருக்கு நான் எதுவும் சொன்னதும் இல்லை.

இப்படியும் மனிதர்கள்.

மார்ச் 19, செவ்வாய்

சாப்பிடவில்லை.

கூட்டம் அதிகம், மறந்துபோச்சு — பொய். எனக்கே நான் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? மறக்கல. பின்னறைக்குப் போனேன், டப்பாவைத் திறந்தேன், மூடிட்டேன். எல்லாரும் பட்டினி, என் பட்டினி யாருக்குத் தெரியப்போகுது? மூணு மணிக்குத் தலை லேசாச்சு. அந்தப் பழைய சுகம். ஜெயிச்ச மாதிரி. பன்னிரண்டு வருஷம் கழிச்சும் வழி மறக்கல அதுக்கு.

நோன்பு திறக்கும் நேரம் லுத்ஃபி, "மதியம் சாப்ட்டியா?" என்றான். தலையாட்டினேன்.

தலையாட்டிட்டேன். எவ்வளவு சுலபமா இருந்தது!

மார்ச் 20, புதன்

காலையில் அவன் சவரம் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டேன். "நேத்து மதியம் சாப்பிடல. உங்கிட்ட பொய் சொன்னேன்."

முகத்தில் சோப்போடு அப்படியே நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். "இப்பச் சாப்பிடறியா?" என்று மட்டும் கேட்டான். அவன் நோன்பு. முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் ரொட்டியைச் சூடு செய்து, எண்ணெய் விட்டு, எதிரே உட்கார்ந்தான். நான் விழுங்கும்வரை மீன் சந்தையில் எவனோ சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் வாய் தொண்டையில் நின்றது. மூன்றாவது இறங்கியது.

கடைக்குப் போனதும் இன்சாஃப் மேடத்துக்கும் ஃபோன் செய்தேன். "ரமலான் முடியறவரை எடை குறைக்கற பேச்சே வேண்டாம். சாப்பிடறதுதான் வேலை. டாக்டரையும் இந்த வாரமே பார்த்துடுங்க" என்றார். பிறகு, "நிஸ்ரீன், அப்ப எத்தனை நாள் மறைச்சீங்க?"

"ரெண்டு வருஷம்."

"இப்ப?"

"ஒரு ராத்திரி."

அவர் சிரித்தார். நானும். அப்புறம் கவுன்டரில் நின்றுகொண்டே அழுதேன். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், "பரவாயில்லம்மா, நான் அப்புறம் வரேன்" என்று போய்விட்டார்.

ஏப்ரல் 10

பெருநாள். மதியச் சாப்பாடு ஒருநாள்கூடத் தவறவில்லை, அந்த ஒருநாளைத் தவிர. அக்காவிடம் அதையும் சொன்னேன். கட்டிக்கொண்டாள், விலா நோகும் அளவுக்கு.

மே 12, ஞாயிறு

எடை குறைப்பதை மறுபடி தொடங்கி ஒரு மாதம். இன்று அக்கா வீட்டில் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, "போதும்க்கா, வயிறு நிறைஞ்சுபோச்சு" என்றேன். அகப்பை நடுவானில் நின்றது. என் கண்ணையே பார்த்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. சாயங்காலம் பசிச்சா வந்து கேட்கறேன்."

அகப்பையைச் சட்டியில் வைத்தாள். ஐந்தரைக்குப் போய்க் கேட்டேன். கதவைத் திறந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரீச்சை வைத்த மக்ரூத் பலகாரத்தைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, "வந்துட்டா பாரு, ராணி" என்றாள்.

ஜூலை 7

கடலில் குளித்தேன். தொடைகள் உரசுகின்றன. உரசட்டும். இந்தக் கால்கள்தானே இப்போது கோட்டை மேடு வரை நிற்காமல் ஏறுகின்றன.

ஆகஸ்ட் 29, வியாழன்

சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. ஈரலும் பெருமளவு தெளிந்துவிட்டதாம்.

இன்சாஃப் மேடம் என் ஃபைலை மூடினார். "இங்கேயே நிறுத்திக்கறோம். இதுக்கு மேல குறைய வேண்டாம். சாப்பாட்டுல இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தரேன்."

ஒரு நொடி — ஒரே ஒரு நொடி — இன்னும் கொஞ்சம் போகலாமே என்று உள்ளே ஒரு குரல். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "வரும். வந்தா இதே மாதிரி சொல்லிடுங்க" என்றார். எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கவில்லை. படியில் இறங்கும்போதுதான் கேட்காதது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

எத்தனை பேருக்கு நன்றி சொல்வது? முகத்தில் சோப்போடு நின்றவனுக்கா, சாவி கொடுத்த முதலாளிக்கா? அந்த அவசர டாக்டருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதம் எழுதப் போகிறேன். "எடையைக் குறைங்க" என்று சொல்லுமுன், முன்பு என்ன நோய் இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள் ஐயா என்று.

செப்டம்பர் 15, ஞாயிறு

மீலாது. காலையிலிருந்து பைன் விதை அரைத்துக் கைவலி. அஸீதா இனிப்புக் கூழை அக்கா கிண்டினாள், மேலே வெள்ளைப் பாலேடு ஊற்றிப் பாதாம் அடுக்கியது நான். தெருவுக்குப் பதினொரு கிண்ணம் போனது, பதின்மூன்று வந்தது. எதிர்வீட்டுக் கிண்ணத்தில் சர்க்கரை கம்மி என்று அக்காவுக்கு ஏகத் திருப்தி. லுத்ஃபி பாதாமை மட்டும் பொறுக்கித் தின்று மாட்டிக்கொண்டான்.

மூன்று மணி இருக்கும். சன்னல் பக்கம் உட்கார்ந்து எங்கள் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அக்கா எதிர் சோபாவில். இவள் மருமகள் எப்படி, அவள் சம்பந்தி எப்படி என்று பேசிக்கொண்டே வந்தாள். பேச்சு மெதுவாக அறுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை. இத்தனை வருடமாக நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்மேல் இருந்து கண்ணை எடுக்காதவள்.

நான் இன்னும் பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.